கவிழ்த்துக் கொடுத்த போன்

அப்பாவின் கையில் ஒரு பழக்கம் இருந்தது. பேருந்து நிலைய வாசலில் பயணிகளின் தடுப்பூசிச் சான்றிதழை ஸ்கேன் செய்வது அவர் வேலை. கருவியில் பச்சை விழுந்தால் "பச்சை" என்று வாய்விட்டுச் சொல்லிப் போனைத் திரை தெரியும்படி திருப்பிக் கொடுப்பார். சிவப்பு விழுந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். போனைக் கவிழ்த்துக் கொடுப்பார். வாங்கிக்கொண்டவர் புரிந்துகொண்டு வரிசையை விட்டு ஒதுங்குவார். பின்னால் நிற்பவர்களுக்கு, ஆள் எதையோ மறந்துவிட்டுத் திரும்புகிறார் என்றுதான் தோன்றும்.

யாரும் சொல்லிக்கொடுத்த முறையல்ல. பத்துப் பேர் முன்னால் ஒருவரைப் பார்த்து "நீங்க போக முடியாது" என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வாராவாரம் ஊருக்குப் போகிறவர்கள் இதைக் கேலியாக்கினார்கள். "இன்னிக்கு எத்தனை பேரக் கவுத்தீங்க?" என்று கேட்டுவிட்டு ஏறுவார்கள்.

இருபத்திரண்டு வருடம் அவர் நெடுந்தூரப் பேருந்துகளில் கண்டக்டர். பிறகு முழங்கால் போனது. "நின்னா வலிக்குது, உக்காந்தா வலிக்குது, லீவு போட்டா மட்டும் வலிக்கல" என்று மேலாளரிடமே சொன்னார். வாசலுக்கு மாற்றினார்கள். ஒரு நாற்காலி, இரண்டு இரும்புத் தடுப்பு, கையில் பிடிக்கும் கருவி. பகல் பத்து மணிக்கு மேல் வெயில் நேராக விழும். போன் திரையில் ஒன்றும் தெரியாது, கருவி திணறும். அப்பா ஒரு செருப்பு டப்பாவை எடுத்து, உள்ளே கறுப்பு பெயின்ட் அடித்து, ஒரு பக்கம் போன் நுழையவும் எதிர்ப்பக்கம் கருவி பார்க்கவும் ஓட்டை போட்டார். ஒரு வாரத்தில் மற்ற வாசல்களிலும் செருப்பு டப்பா வந்துவிட்டது. மென்பொருள் சோதிப்பது என் தொழில். "என்ன இஞ்சினியரம்மா, உங்க கம்பெனியில இதைச் செய்ய எத்தனை மாசம் ஆகும்?" என்று என்னிடம் கேட்டார். ஆறு மாதம் ஆகும் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

அவருக்கு அந்த விதியில் நம்பிக்கை இருந்தது. பதினொரு வருடம் அவரோடு ஒரே வண்டியில் போன ஓட்டுநர், நோய் பரவிய முதல் வருடமே இறந்துபோனார். அப்பாவை வார்டுக்குள் விடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவர் கையை லேசாக அசைத்தார். அப்பா விரல் முட்டியால் கண்ணாடியை இரண்டு முறை தட்டினார். வண்டி கிளம்பலாம் என்பதற்கு அவர்களுக்குள் இருந்த தட்டு அது. கை தானாகப் போய்விட்டது, தட்டியிருக்கக் கூடாது என்று பிறகு பலமுறை சொன்னார்.

ஆகவே இரண்டு ஊசி போட்டவர்தான் பேருந்தில் ஏறலாம் என்று உத்தரவு வந்தபோது அவர் முணுமுணுக்கவில்லை. எட்டு மாதம் அந்த வாசலில் நின்றார். ஊழியர்கள் அடையாள அட்டையைக் காட்டினால் போதும். அதனால் அந்த எட்டு மாதத்தில் அவர் தன்னை ஒருமுறைகூட ஸ்கேன் செய்துகொண்டதில்லை. சான்றிதழ் கேட்கும் கடைக்கோ சினிமாவுக்கோ போகிற மனிதரும் இல்லை. வாசல் விட்டால் வீடு.

விதியில் ஒரு விலக்கு இருந்தது. நெருங்கிய உறவினர் இறந்துவிட்டால், மருத்துவமனைக் கடிதத்தைக் காட்டி அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு ஏறலாம். சாகக் கிடக்கிறவரைப் பார்க்கப் போக விலக்கு இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கொத்தனார் வந்தார். கைவிரல்களில் சிமென்ட் காய்ந்து வெடித்திருந்தது என்று அப்பா சொன்னார். ஒரு ஊசிதான் போட்டிருந்தார். அம்மாவுக்கு முடியவில்லை, இன்றைக்கோ நாளைக்கோ என்கிறார்கள் என்றார். அப்பா போனைக் கவிழ்த்துக் கொடுத்தார். அவர் ஒதுங்கவில்லை. அப்பா தனியாக அழைத்துப்போய் விதியைச் சொன்னார், விலக்கையும் சொன்னார்.

கொத்தனார் கேட்டாராம். "அப்போ அவங்க சாகற வரைக்கும் இங்கயே உக்காந்திருந்து, செத்ததும் ஏறிக்கட்டுமா?"

அன்று வீட்டுக்கு வந்து அப்பா இதை மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை, தான் என்ன பதில் சொன்னோம் என்பதை விட்டுவிட்டார். நானும் கேட்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அத்தை மகளிடமிருந்து போன் வந்தது.

அத்தை அப்பாவுக்கு ஒரே அக்கா. ஒன்பது வயது மூத்தவர். அவர்களுடைய அம்மா சீக்கிரம் போய்விட்டதால், அப்பாவைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது அத்தைதான். பேருந்தில் எட்டு மணி நேரத் தூரத்தில் இருந்தார். அப்பா வாசலுக்கு மாறியதிலிருந்து அவருக்கு அத்தை வைத்த பெயர் 'கேட்டுக்காரன்'. "ஊரையே பஸ் ஏத்தி அனுப்பறியே கேட்டுக்காரா, உன்ன ஏத்திவிட ஒருத்தருமில்லயா?" என்று ஒவ்வொரு ஞாயிறும் போனில் கேட்பார். அடுத்த மாதம் வருகிறேன் என்பார் அப்பா. அவர் அத்தையைப் பார்த்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

அத்தைக்கு மூளையில் இரத்தக் கசிவு. இரண்டு நாளோ மூன்று நாளோ என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நினைவு வந்து வந்து போகிறது, வரும்போதெல்லாம் அப்பாவைக் கேட்கிறார் என்றாள் அத்தை மகள்.

அப்பா ஒரு பையில் இரண்டு சட்டையும் முழங்கால் பட்டையும் எடுத்து வைத்துக்கொண்டார். ஒன்பது மணி வண்டிக்கு நானும் அவரோடு கிளம்பினேன்.

வாசலில் அன்று சோடாபுட்டி. முன்பு ஓட்டுநராக இருந்து, பார்வை குறைந்ததால் வாசலுக்கு வந்தவர். கண்ணாடியின் தடிமனுக்காக வந்த பெயர், கூப்பிட்டால் அவரே திரும்புவார். ஊழியர் அட்டை வேலைக்குத்தான், சொந்தப் பயணத்துக்குச் சான்றிதழ் வேண்டும். அப்பாவிடம் பட்டன் போன்தான் இருந்தது. அவருடைய சான்றிதழை என் போனில் நான் முதன்முறையாகத் திறந்தது அங்கே, வரிசையில் நின்றபடி. போனைச் செருப்பு டப்பாவுக்குள் வைத்தேன்.

சோடாபுட்டி கருவியை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்தார். அப்பா கையை நீட்டிக் கருவியை வாங்கினார். ஒரு தவணை என்று இருந்தது. சிவப்பு.

அப்பா இரண்டு ஊசியும் போட்டவர். இரண்டாவது ஊசி போட்ட அன்று கை வீங்கி, சட்டை மாட்ட நான்தான் உதவினேன்.

சோடாபுட்டி குரலைத் தாழ்த்தினார். "கண்டக்டரே, எனக்குத்தான் கண்ணு தெரியாதுன்னு ஊருக்கே தெரியுமே. ஏறிக்கோங்க."

வண்டி எதிரே நின்றது. பதினைந்தடி இருக்கும். ஓட்டுநர் அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினார்.

"வழியில செக்போஸ்ட் இருக்குப்பா" என்றார் அப்பா.

"இருந்தா இருக்கட்டும். அங்க பார்த்துக்கலாம்."

அப்பா டப்பாவுக்குள் கைவிட்டு என் போனை எடுத்தார். ஒரு நிமிடம் கையில் வைத்திருந்தார். பிறகு என்னிடம் கவிழ்த்துக் கொடுத்தார்.

"நேத்து அந்தக் கொத்தனாரு இங்கதான் நின்னாரு" என்றார். சோடாபுட்டிக்கு எதுவும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஏறுங்கள் அப்பா என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிழை எங்கே என்றுதான் என் மூளை போய்க்கொண்டிருந்தது. கண்டுபிடித்துவிட்டால் மதிய வண்டிக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

பிழை வீட்டிலேயே இருந்தது.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஊசிக்குப் பதிவு செய்தது நான். இரண்டு பேரையும் என் எண்ணிலேயே பதிந்தேன். முகாமில் அந்த எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைச் சொன்னால் திரையில் இரண்டு பெயர் வரும். முதலில் அம்மா, அதற்குக் கீழே அப்பா. இரண்டாம் தவணைக்கான மாதத்தில் பதினாலாம் தேதி அப்பா அரைநாள் விடுப்பில் போய் ஊசி போட்டுக்கொண்டார். இரண்டாம் தவணை பதிவானது என்று எனக்குக் குறுஞ்செய்தி வந்தது. நான் வேலையில் இருந்தேன். அப்பாவுக்கு ஆயிற்று என்று நினைத்துப் போனை வைத்துவிட்டேன். செய்தியில் பெயர் இருந்தது. படிக்கவில்லை. அடுத்தவர்கள் செய்த பிழையைத் தேடிப் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

திங்கட்கிழமை அந்தச் செய்தியைத் தேடி எடுத்தேன். அம்மாவின் பெயர் இருந்தது. அம்மாவுக்காக நான் அச்சிட்டுக் கொடுத்த சான்றிதழிலும் இரண்டாம் தவணை பதினாலாம் தேதிதான். அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் அவள் பக்கத்து வீட்டு அக்காவோடு இரண்டு சினிமாவும் ஒரு துணிக்கடையும் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

அம்மாவிடம் கேட்டேன். நீ எந்தத் தேதியில் போட்டாய் என்று.

"அன்னிக்குத்தான். சாயங்காலம் போனேன்."

"அப்பா போன அன்னிக்கேவா?"

"ஆமா. எனக்கென்ன தெரியும் தேதியெல்லாம்? போட்டாங்க, வந்தேன்."

அவள் சொன்னதை நம்பினேன். அப்படியானால் அப்பாவின் தவணை எங்கோ பதியாமல் விட்டுப்போயிருக்க வேண்டும். திங்கள் முழுவதும் அதைத் தேடினேன். முகாம் நடந்த பள்ளிக்கூடம் மறுபடி பள்ளிக்கூடமாகியிருந்தது. அன்று எழுதிய தாள்கள் சுகாதார நிலையத்துக்குப் போய்விட்டன என்றார்கள். செவ்வாய்க்கிழமை அங்கே போனால், பதிந்தபின் தாளை வைத்திருப்பதில்லை என்றார்கள். உதவி எண்ணில் நாற்பது நிமிடம் இசை கேட்டேன். அப்பா இரண்டு நாளும் பையைப் பிரிக்கவில்லை. அது கதவருகே இருந்தது.

புதன் காலை அப்பா நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டிருந்தார். அம்மா சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"எனக்குப் போடல" என்றாள்.

நாங்கள் இருவரும் நிமிர்ந்து பார்த்தோம்.

"நான் போனது பத்து நாள் கழிச்சு. கம்ப்யூட்டரப் பார்த்துட்டு, உங்களுக்குத்தான் ரெண்டும் போட்டாச்சேம்மா, போங்கன்னாங்க. நான் சரின்னு வந்துட்டேன்."

முகாமில் மேலே இருந்த பெயரில் பதிந்திருக்கிறார்கள்; அப்பாவின் ஊசி அம்மாவின் கணக்கில் ஏறிவிட்டது.

"ஏம்மா அப்பவே சொல்லல?"

"சொன்னா மறுபடி கூட்டிட்டுப் போய்ப் போடுவீங்க."

அம்மாவுக்கு ஊசி என்றால் பயம். என்னைப் பெற்ற வலியைவிட அதற்கு முன் போட்ட ஊசியைப் பற்றித்தான் அதிகம் பேசுவாள். வீட்டில் அது பழைய சிரிப்பு.

"சரி, திங்கக்கிழமை கேட்டேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அவர் மூஞ்சியப் பார்த்துட்டு எப்படிடி சொல்றது" என்றாள்.

அப்பா பட்டையின் கடைசிச் சுற்றை இழுத்து ஒட்டினார். "அப்போ அந்த ரெண்டு சினிமாவும் பார்த்தது நான்தானா?" என்றார். "கதையயாவது சொல்லு."

அம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே வேறாக மாறிவிட்டது. அப்பா எழுந்துபோய் அவள் தோளில் கைவைத்து நின்றார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகும் பேசவில்லை. பேசியிருந்தால் அம்மாவுக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

மூவரும் சுகாதார நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்த அலுவலர் பெண்மணி பொறுமையானவர். தனக்கு அந்தத் தவணை போடவில்லை என்று அம்மா எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், பிறகு மேலிடத்துக்கு அனுப்புவோம், ஏழு வேலை நாள் ஆகும் என்றார். அவசரம் என்றேன். வேறு வழி ஒன்று இருக்கிறது, ஐயாவுக்கு இன்னொரு ஊசி போட்டுப் புதிதாகப் பதியலாம், ஆனால் பதினாலு நாள் கழித்துத்தான் பச்சை வரும் என்றார். அம்மா கையெழுத்துப் போட்டாள். எழுத்து கோணியிருந்தது.

வெளியே மரத்தடியில் நாங்கள் நின்றபோது அத்தை மகள் வீடியோவில் கூப்பிட்டாள். போனை அத்தையின் முகத்தருகே பிடித்திருந்தாள். ஒரு பக்க வாய் இறங்கியிருந்தது. கண் எங்களைப் பார்த்ததா தெரியாது.

"கேட்டுக்காரன் வந்துட்டானா?" என்றார் அத்தை. குழறினாலும் புரிந்தது.

"வந்துட்டே இருக்காரும்மா. பஸ் ஏறிட்டாரு" என்றாள் அவள் மகள்.

அப்பா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் ஏறவில்லை என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். எட்டு மாதத்தில் ஒருமுறைகூட சிவப்பைப் பச்சை என்று சொன்னவரில்லை.

"ஏறிட்டேன்க்கா" என்றார்.

வியாழன் காலை பத்து மணிக்கு அத்தை இறந்தார். பத்தரைக்கு மருத்துவமனைக் கடிதம் என் போனுக்கு வந்தது. பதினொன்றேகாலுக்கு அனுமதிச் சீட்டு கையில் இருந்தது. மூன்று நாளாக நகராத எல்லாமும் நாற்பத்தைந்து நிமிடத்தில் நகர்ந்தன.

வாசலில் சோடாபுட்டி சீட்டை மூக்கருகே பிடித்து முழுவதும் படித்தார். தடுப்பை நகர்த்தினார். நாங்கள் ஏறினோம்.

பாதி வழியில் செக்போஸ்ட் இருந்தது. சாலையில் நான்கு பீப்பாய், ஒரு தகரக்கூரை, நிழலில் ஒரு காவலர். அவர் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கையை ஆட்டினார். வண்டி நிற்காமல் போனது.

அப்பா தலையைத் திருப்பி, அந்தத் தகரக்கூரை மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடியிலிருந்த சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அத்தையின் முகத்தைத் துணியால் கட்டியிருந்தார்கள். அத்தை மகள் அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை.

திரும்பி வந்தபின் அப்பா வேலைக்குப் போனார். இன்னொரு ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று இரண்டு முறை சொன்னேன். "எனக்கு ரெண்டும் போட்டாச்சு" என்றார். அம்மா அடுத்த வாரமே, யாரிடமும் சொல்லாமல், தனியாகப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். அந்த ஊசி எங்கும் பதியவில்லை. அவள் கணக்கில் ஏற்கெனவே இரண்டு இருந்தது.

அப்பா தன்னுடைய ஒரு தவணைச் சான்றிதழை அச்சிட்டுத் தரச் சொன்னார். கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. பிறகு சோடாபுட்டி சொல்லித்தான் தெரிந்தது. தினமும் காலையில், முதல் பயணி வருவதற்கு முன்னால், அப்பா அந்தக் காகிதத்தைச் செருப்பு டப்பாவுக்குள் வைத்துத் தன்னைத்தானே ஸ்கேன் செய்வாராம். சிவப்பு விழும். காகிதத்தைக் கவிழ்த்து எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவாராம். "பச்சை" என்று சொல்வதையும் விட்டுவிட்டாராம். எல்லாப் போனையும் ஒரே மாதிரி கவிழ்த்துக் கொடுக்க ஆரம்பித்ததில் வரிசை குழம்பியது, பயணிகள் திட்டினார்கள் என்றார் சோடாபுட்டி.

விண்ணப்பம் ஏழு வேலை நாளில் திரும்பி வரவில்லை. ஆறாவது வாரம், அம்மாவின் சான்றிதழ் ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டதால் மாற்ற இயலாது, மேல்முறையீடு செய்யலாம் என்று வந்தது. செய்தேன்.

நான்காவது மாதம் அப்பா வாசல் நாற்காலியிலேயே இறந்தார். காலை பதினோரு மணி. வெயிலுக்குக் கண்ணை மூடியிருக்கிறார் என்று வரிசையில் இருந்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். முதலில் நின்றவர் தன் போனை டப்பாவுக்குள் வைத்துவிட்டுக் காத்திருந்தாராம். இதயம் என்றார் மருத்துவர். வேறு காரணம் எதையும் அவர் எழுதவில்லை. எழுத அந்தப் படிவத்தில் இடமும் இல்லை.

அதற்கு மூன்று வாரம் கழித்து மேல்முறையீட்டுக்குப் பதில் வந்தது. சம்பந்தப்பட்டவர் இறந்துவிட்டதாகத் தெரியவருவதால் மனு முடித்துவைக்கப்படுகிறது. பதிவில் அப்பாவுக்கு இன்றும் ஒரு தவணைதான்.

திங்கட்கிழமையே சொல்லியிருந்தாலும் ஏழு வேலை நாள் ஆகியிருக்கும், நீ சொல்லாததால் எதுவும் மாறவில்லை என்று அம்மாவிடம் பலமுறை சொல்லிவிட்டேன். கணக்குப்படி அது சரி. அவள் தலையாட்டுவாள். ஆனால் அன்று வண்டி பதினைந்தடியில் நின்றது. அதை நான் அவளிடம் சொன்னதில்லை.

உத்தரவை விலக்கிக்கொண்டார்கள். செய்தியில் இரண்டு வரி வந்தது. சென்ற மாதம் அத்தை மகளைப் பார்க்க நானும் அம்மாவும் கிளம்பினோம். வாசலில் நாற்காலி இல்லை, டப்பா இல்லை. இரும்புத் தடுப்புகளைச் சுவரோரம் அடுக்கி, மேலே யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள்.

அம்மா நாற்காலி இருந்த இடத்துக்கு நேரே வந்ததும் நின்றாள். பையைத் திறந்து, நான் அச்சிட்டுக் கொடுத்த அந்தச் சான்றிதழை எடுத்தாள். மடிப்பில் கிழிந்திருந்தது. அதைப் பிரித்துக் கையில் பிடித்துக்கொண்டு, வாங்குவதற்கு ஒரு கை வரும் என்பதுபோல நின்றாள். நான் கூப்பிடவில்லை. எங்களுக்குப் பின்னால் பெட்டிகளோடு ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.

"போங்கம்மா" என்றார் பின்னால் நின்றவர், பொறுமையாகத்தான். "இப்பல்லாம் யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல."